வீட்டுல சமைக்கிறவங்க

அந்த யானை வீடியோவைக் கொஞ்சம் சத்தமில்லாமப் பாருங்க அம்மிணி. தப்பா நெனைச்சுக்காதீங்க. அது பிளிறற சத்தம் கேட்டா எனக்கு இன்னமும் உள்ளங்கை வேர்த்துப் போகுது. பயம்னு நெனைக்காதீங்க. பயமும் பட்டிருக்கேன், இல்லேங்கல. ஆனா இது அது இல்ல. இது வெக்கம்.

யானையைப் பார்த்து வெக்கப்படுறதுக்கு என்ன இருக்குதுன்னு கேப்பீங்க. கேக்கத்தான் செய்வீங்க.

நீங்க எங்க எறங்கறீங்க? திண்டுக்கல்லா. நான் ஒட்டன்சத்திரம். உங்களுக்கு முன்னாடியே எறங்கிருவேன். அப்பறம் உங்களை நான் எங்க பார்க்கப் போறேன், நீங்க என்னை எங்க பார்க்கப் போறீங்க. சொல்லலாம்.

எனக்குக் கல்யாணம் ஆனது போன தை மாசம். சிரிக்காதீங்க, இந்த வயசுல தாங்க. ஐம்பது தாண்டியாச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். தம்பி, தங்கச்சிக்கெல்லாம் கட்டி வெச்சு, அவங்க புள்ளைங்களையும் தூக்கி வளர்த்து, அப்படியே காலம் போயிருச்சு. யாரும் என்னை வேண்டாம்னு சொல்லலைங்க. கேக்க மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

எங்கூட்டுக்காரர் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். பேரு நாச்சிமுத்து. அவருக்கு நான் ரெண்டாந்தாரம். மொத சம்சாரம் ருக்குமணி காலமாகி மூணு வருஷம். புள்ளைங்க இல்ல. எங்க கம்பெனி மேஸ்திரி அவருக்கு ஒரு வகையில சொந்தம், அவர் மூலமா வந்து கேட்டாரு. என் தம்பியும் அவரோட சிநேகிதர் ரெண்டு பேரும் நிக்க, ஒரு மலைக் கோயில்ல தாலி கட்டினாரு. தங்கமான மனுஷன். காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சு காபி போட்டு வெப்பாரு. எனக்கு யாரும் காபி போட்டுக் குடுத்ததில்லைங்க அதுவரைக்கும். இதை எதுக்குச் சொல்றேன்னா, மேல சொல்லப் போறதைக் கேட்டுட்டு அவரை நீங்க தப்பா நெனைச்சுறக் கூடாது.

வைகாசியில ஒரு நாள் சொன்னாரு, "கலா, நீ யானையைக் காட்டுல பார்த்திருக்கியா?" கோயில் யானையைத் தான் பார்த்திருக்கேன்னேன். மசினகுடிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு லாட்ஜ் இருக்குது, பழைய மொதலாளிக்குத் தெரிஞ்சவங்களோடது, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னாரு. நான் சரின்னுட்டு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். போய்ப் பார்த்தா அங்க குளுரே இல்ல. கீழ் நாடு மாதிரிதான் வெயில். அந்த ஸ்வெட்டரை வெச்சு என்னை அவ்வளவு கேலி பண்ணினாரு.

அங்க வேலி கிடையாதுங்க. தனித்தனியா ஓட்டு வீடு மாதிரி ரூமு, நடுவுல மண்ணுப் பாதை, ஒரு ஓரத்துல சாப்பாட்டு ஹாலு, அதுக்குப் பின்னாடி சமையக்கட்டு. அவ்வளவுதான். சுத்தியும் காடு. யானை அதும்பாட்டுக்கு வரும், அந்தப் பாதையிலயே நடக்கும், போகும். ஒவ்வொரு ரூமுலயும் ஒரு விசில் மாட்டியிருப்பாங்க. வெளிய வரணும்னா விசில் ஊதணும், ஆள் வந்து பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. சாஜுன்னு ஒரு மேனேஜரு, கேரளாக்காரப் பையன். "சேச்சி, பூ வெச்சுட்டு வெளிய வராதீங்க, ரூமுல பழம் வெக்காதீங்க"ன்னு சொன்னான். நான் தலையில வெச்சிருந்த மல்லியப் பூவை எடுத்து அவன் கையிலயே குடுத்துட்டேன்.

மொத நாள் சாயங்காலம் ரூமு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார்ந்திருந்தோம். ஒரு தாயும் குட்டியும் வந்துச்சு. இந்தா, அந்த முன்சீட்டு இருக்குது பாருங்க, அதை விட ஒரு நாலு மடங்கு தூரம், அவ்வளவுதான். குட்டி அம்மாவோட வாலைப் புடிக்கறதும் விடறதுமா வருது. நான் மூச்சு விடல. அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. போன அப்பறமும் விடல. இருட்டற வரைக்கும் விடல. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்ல, பார்த்தா விட்டுருவாரோன்னு.

அந்த ஒரு சாயங்காலம் எனக்குப் போதும்னு நெனைச்சேன். நெஜமாவே போதும்னு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநா காலையிலயே கெளம்பியிருக்கணும்.

மறுநா மத்தியானம் சாப்பிட ஹாலுக்கு வந்தோம். ஒரு காரு வந்து நின்னுச்சு. அதுலருந்து ஒருத்தர் எறங்கி, "மாமா"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தாரு. யாருன்னு நெனைக்கறீங்க? ருக்குமணியோட தம்பி. திருமூர்த்தின்னு பேரு. ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வெச்சிருக்காரு. கூட அவர் சம்சாரம் வினோதினி, பொண்ணு தாரணி. ஊட்டியில காரட் காட்டைப் பார்க்க வந்தவங்க, புள்ளைக்கு லீவுதானேன்னு இப்படி எறங்கி வந்திருக்காங்க. லீவு விட்டா நம்ம பக்கத்து ஆளுங்க போறதுக்கு வேற எடம் என்ன இருக்குது, ஒண்ணு ஊட்டி, இல்ல மசினகுடி.

அவங்களுக்கு எங்க கல்யாணம் தெரியாதுங்க. அவர் சொல்லல. சொல்றேன் சொல்றேன்னு நாள் கடத்திட்டு இருந்தாரு. நேர்ல போய்த்தான் சொல்லணும், போன்ல சொல்ற விஷயமான்னு. அதுவும் நியாயந்தானே.

திருமூர்த்தி அவரைக் கட்டிப் புடிச்சுட்டு, அப்பறம்தான் என்னைப் பார்த்தாரு. யாருன்னு கேக்கல. பார்வையிலயே கேட்டாரு. எங்கூட்டுக்காரரும் என்னைப் பார்த்தாரு. எனக்கு வெக்கமா, சந்தோஷமா என்னன்னு தெரியல, தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இப்பச் சொல்லப் போறாரு, இப்பச் சொல்லப் போறாருன்னு.

"இவங்க வீட்டுல சமைக்கிறவங்க"ன்னாரு. "எனக்கு சுகரு, வெளிச் சாப்பாடு ஒத்துக்கறதில்ல. அதான் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் தலை நிமிரல. குனிஞ்ச தலை அப்படியே இருந்துச்சு. நல்லதாப் போச்சு, சமையல்காரி தலை குனிஞ்சுதானே நிப்பா.

அம்மிணி, அவர் வேணும்னு சொல்லல. திடீர்னு எதுக்க வந்து நின்னா யாருக்கும் வாய் கொழறத்தான் செய்யும். செத்துப் போன பொண்டாட்டியோட தம்பி. வாயில வந்தது வந்துருச்சு. வந்துட்டா அப்பறம் அது பின்னாடியே போகத்தானே வேணும். வினோதினி கேட்டா, "இவங்க எங்க தங்கியிருக்காங்கண்ணா?" அவர் சொன்னாரு, "சமையக்கட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமு இருக்குது."

அப்ப நான் அந்த ரூமுக்குப் போகணுமில்லீங்களா. போனேன். அவங்க சாப்பிட உக்கார்ந்த நேரத்துல எங்க ரூமுக்குப் போய் என் பையை எடுத்தேன். சாஜுதான் காவலுக்குக் கூட வந்தான். வர்ற வழியில அவன் என்னைப் பார்க்கவே இல்ல. நாங்க புருஷன் பொண்டாட்டின்னு அவனுக்குத் தெரியும், அவன்தானே மொத நாள் பேரெழுதினான். கதவைத் தொறந்து விட்டுட்டு, "ஃபேன் இல்ல சேச்சி"ன்னு மட்டும் சொன்னான். அவன் ஏதாவது கேட்டிருந்தாக் கூடத் தேவலை.

சாயங்காலம் நாலு நாலரைக்கு யானை வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டம். ஹாலுக்கும் ரூமுகளுக்கும் நடுவுல அந்த மண்ணுப் பாதையில வந்து நின்னுட்டு, நகரவே மாட்டேங்குது. அப்ப எல்லாரும் டீ குடிக்க ஹாலுக்கு வந்திருந்தாங்க. சாஜு கதவைச் சாத்திட்டு, போற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டான். அன்னிக்குத் தங்கியிருந்தது நாங்களும் அவங்களும்தான். லாட்ஜு சமையல்காரர் சாமான் வாங்க மசினகுடிக்குப் போனவரு, ரோட்டுலயும் யானைன்னு அங்கயே மாட்டிக்கிட்டாரு.

கொஞ்ச நேரம் வேடிக்கையா இருந்துச்சு. அப்பறம் அந்தப் பொண்ணு தாரணி பசிக்குதுன்னா. வினோதினி என்கிட்ட வந்து, "அக்கா, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஏதாவது செஞ்சு குடுக்கறீங்களா"ன்னா. நல்ல புள்ளைங்க. அதட்டிச் சொல்லல. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியா யானையைப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

போய் அரிசிம்பருப்புச் சாதம் வெச்சேன். ரசம், அப்பளம். வெங்காயம் நிறைய கெடந்துச்சு, வதக்கிப் போட்டேன். திருமூர்த்தி மண்டிக்காரரில்லையா, வண்டியில பழுத்த பலாப்பழம் ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. அதையும் அறுத்துச் சுளை எடுக்கச் சொன்னா வினோதினி. எடுத்து வெச்சேன்.

எதுல எனக்கு ரொம்ப வெக்கம்னு கேட்டீங்கன்னா, இதைத்தான் சொல்லுவேன். அந்த சமையக்கட்டுக்குள்ள போன ஒடனே எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. பத்துப் பேருக்கு சமைச்சு வளர்ந்தவ நான். அங்க என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். வெளிய அந்த ஹால்ல எங்க நிக்கறது, கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னவ, அடுப்பைப் பத்த வெச்ச ஒடனே சரியாயிட்டேன். அவர் சொன்ன பொய்யை நான்தான் நெசமாக்கினேன்.

பரிமாறினேன். அந்தப் புள்ளை ரெண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டா. "அத்தை வெக்கற மாதிரியே இருக்குது"ன்னா. அத்தைன்னா ருக்குமணி. வினோதினி, "நீங்களும் உக்காருங்கக்கா"ன்னா. நான் வாய் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரர் சொன்னாரு, "அவங்க அப்பறமாத்தான் சாப்பிடுவாங்க."

அப்பறம் வினோதினி சும்மா பேச்சுக்குக் கேட்டா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா?" கழுத்துல தாலி தெரியுதில்ல. வெளிய யானை கெளையை ஒடிக்கற சத்தம்தான்.

"ரிட்டயர் ஆயிட்டாருங்க"ன்னேன்.

"தனியாவா விட்டுட்டு வந்தீங்க? அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?"

"வந்து கூட நிக்கற ஆளு இல்லீங்க"ன்னேன்.

எப்படி அப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவர் தலை தூக்கல. அப்பளத்தை ஒடைச்சுக்கிட்டே இருந்தாரு. சொல்லியிருக்கக் கூடாது. பாவம், அவருக்கும் சுருக்குன்னுதானே இருந்திருக்கும்.

அதோட விட்டிருந்தாப் பரவால்ல. திருமூர்த்தி பேச ஆரம்பிச்சாரு. "மாமா, அக்கா போய் மூணு வருஷமாச்சு. போன வருஷமே சொன்னேன், இப்பவும் சொல்றேன். நீங்க ஒரு தொணையைப் பார்த்துக்கங்க. எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. சமைக்க ஆள் வெச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பீங்க? வினோதினியே சொல்லிட்டா."

"ஆமாங்கண்ணா"ன்னா அவ.

நான் ரசச் சட்டியோட நிக்கறேன். கதவு தொறந்துருச்சு பாருங்க. அவங்களே தொறந்துட்டாங்க. நான் அவர் முகத்தையே பார்த்தேன். பார்க்கறது தப்பா இருந்தாலும் பரவால்லைன்னு பார்த்தேன். இனி என்ன, ஒரு வார்த்தைதான். திருமூர்த்தி, நான் தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. சிரிச்சுட்டுக் கூடச் சொல்லியிருக்கலாம்.

"விடு திருமூர்த்தி"ன்னாரு. "ருக்கு இருந்த எடத்துல இன்னொருத்தியை வெக்க எனக்கு மனசு வரல."

திருமூர்த்திக்குக் கண்ணு கலங்கிருச்சு. எச்சக் கையோடவே அவர் தோளைத் தொட்டாரு. நான் எங்கூட்டுக்காரர் தட்டுல ரசம் ஊத்தினேன். ஒரு சொட்டு சிந்தல. பொறுமையா ஊத்திட்டு உள்ள போயிட்டேன்.

எனக்கு அழுகை வரலைங்க. பாத்திரம் வெளக்கினேன். வெளிச்சம் மங்கிட்டு வந்துச்சு. அடுப்புக்கு எதுத்தாப்புல ஒரு ஜன்னல், கம்பி போட்டது. அது ஓரம் மேடையில பலாச்சுளைத் தட்டு, மிச்சப் பழம், சக்கை எல்லாம். சாஜு வந்து மூக்கைச் சுளிச்சுட்டு, "இதை யாரு இங்க வெச்சது, எடுத்து மூடணும் சேச்சி"ன்னு சொல்லி கோணிப்பை தேடப் போனான். அவ்வளவுதான். ஜன்னல்ல இருட்டாயிருச்சு. என்னடா இதுக்குள்ள இருட்டிருச்சான்னு பார்த்தா, யானை நிக்குது.

தும்பிக்கை உள்ள வந்துச்சு. கம்பி ரெண்டு சத்தமே இல்லாம வளைஞ்சு போச்சு. நுனி ஈரமா, மண்ணு ஒட்டி, மேடையைத் தட்டித் தட்டித் தேடுது. மூச்சுக் காத்து என் வயித்துல அடிக்குது. நான் கையில கரண்டியோட சுவத்தோட ஒட்டி நிக்கறேன். வாசப்படிக்குப் போகணும்னா தும்பிக்கையைத் தாண்டிப் போகணும். மேல இருந்த பலகையில அது பட்டு, டப்பாவெல்லாம் சரிஞ்சு தடதடன்னு விழுந்துச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் அது ஒரு பிளிறு பிளிறினது. காதுக்குப் பக்கத்துல.

ஹால்ல எல்லாரும் கத்தறாங்க. அந்தக் கூச்சல்ல எனக்கு ஒரே ஒரு கொரல்தான் தனியாக் கேட்டுச்சு. எங்கூட்டுக்காரர் கொரல். பதறிப் போய்த்தான் சொன்னாரு, இல்லேங்கல.

"அந்த சமையல்காரம்மா உள்ள இருக்காங்க. யாராவது பாருங்க."

அம்மிணி, நான் சாகப் போறேன்னு நெனைச்ச நேரம் அது. அந்த நேரத்துலயும் அவர் கலான்னு கூப்பிடல.

உள்ள வந்தது திருமூர்த்தி. தரையோட தரையாக் குனிஞ்சு, மேடைக்குக் கீழ தவழ்ந்து வந்து, என் கணுக்காலைத் தொட்டாரு. "அக்கா, கீழ உக்காருங்க. மெதுவா. என் கையைப் புடிச்சுக்கங்க"ன்னாரு. எனக்கு மடங்கவே தெரியல, அவர்தான் இழுத்து உக்கார வெச்சாரு. அப்படியே இழுத்துட்டு வந்தாரு. யானைக்கு நாங்க யாருமே வேண்டாம், பழந்தான் வேணும். எடுத்துட்டுப் போயிருச்சு. ஹாலுக்கு வந்ததும் எனக்குப் பல்லு கிட்டிக்கிச்சு. "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல"ன்னு முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. அவர் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. யாரோ ஒரு சமையல்காரிக்காக.

எங்கூட்டுக்காரர் ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டு வந்தாரு. என் பக்கத்துல வரைக்கும் வந்தாரு. வந்து, அதை வினோதினி கையில குடுத்து, "அவங்களுக்குக் குடும்மா"ன்னாரு. குடுக்கறதுக்குள்ள தண்ணி பாதி கொட்டிருச்சு. அவருக்கு என் மேல பாசம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. இருக்குது. நான் பார்த்தேனே.

அன்னிக்கு ராத்திரி அவங்க ரூமுலதான் படுத்தேன், அந்தப் பொண்ணு பக்கத்துல. காலையில எல்லாரும் கெளம்பறப்ப வினோதினி என் போன் நம்பரை வாங்கிக்கிட்டா. "வீட்டுல ஏதாவது விசேஷம்னா கூப்பிடறேன், வருவீங்களாக்கா"ன்னா. வர்றேன்னேன். வேற என்ன சொல்றது.

நாங்க பஸ் ஏறி, ஊட்டிக்கு ஏறற கல்லட்டி மலைப் பாதை வளைவுல வர்றோம். எனக்குத் தலை சுத்தி வாந்தி. அவர் முதுகைத் தடவிக் குடுத்து, எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்து, தோள்ல சாச்சுக்கிட்டாரு. பஸ்ல எங்களைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே. தெரியாதவங்க முன்னாடியெல்லாம் நான் அவர் சம்சாரந்தாங்க. ஊட்டி கிட்ட வந்தப்ப மெதுவாச் சொன்னாரு, "நேத்து நீ ரொம்ப நல்லா சமாளிச்ச கலா." பாராட்டறாரு. மனசார. நான் தலையாட்டினேன்.

சொல்லிருவாருன்னு நெனைச்சேன். ஆனி போச்சு, ஆடி போச்சு. ஞாயித்துக் கெழமையானா திருமூர்த்தி போன் பண்ணுவாரு. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால ஸ்பீக்கர்ல சத்தமா வெச்சுத்தான் பேசுவாரு. அந்த நேரம் பூரா நான் அடுப்புல எதையும் வெக்க மாட்டேன், பாத்திரச் சத்தம் கேட்டுறக் கூடாதுன்னு. ஒரு நாள் திருமூர்த்தி கேட்டாரு, "அந்த அக்கா நல்லா இருக்காங்களா மாமா? யானைக்கு ரொம்பப் பயந்துட்டாங்க." இவர் சொல்றாரு, "நல்லா இருக்காங்க. இப்பத்தான் சமைச்சு வெச்சுட்டுக் கெளம்பினாங்க." நான் அவருக்குப் பக்கத்துல உக்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கேன்.

நீங்க ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேக்கறீங்க. உங்க வயசுக்கு நானும் கேப்பேன். எனக்கு எங்க கேக்கறதுக்கு வாய் வருது. இத்தனை வயசுக்கு மேல எனக்குன்னு ஒருத்தர் வந்திருக்காரு. காபி போட்டுக் குடுக்கறாரு. அவரை நாலு பேருக்கு முன்னாடி நிக்க வெச்சுக் கேள்வி கேக்க எனக்கு வெக்கம். அவர் தலை குனிஞ்சா நான் பார்க்க மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னாடி வினோதினி போன் பண்ணினா. என் போனுக்கு. தாரணி பெரிய மனுஷி ஆயிட்டாளாம். மண்டபம் புடிச்சு சீர் வெக்கறாங்களாம். மண்டபத்துக்கு வேற ஆள் சொல்லியாச்சு, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு முன்னாடி ரெண்டு நாள் சமைக்கணும், உங்க கையால சாப்பிடணும்னு புள்ளை ஆசைப்படறா, வர முடியுமாக்கான்னா. அப்பறம் சொன்னா, "அத்தை இருந்திருந்தா இவளுக்கு மொதத் தண்ணி அவங்கதான் ஊத்துவாங்க. அந்த முறைக்கு யாரை நிக்க வெக்கறதுன்னே தெரியலக்கா."

"யாராச்சும் கெடைப்பாங்க அம்மிணி"ன்னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்.

அவர்கிட்ட வந்து சொன்னேன். இந்த மாதிரி கூப்பிடறாங்கன்னு. இப்பவாவது முகம் மாறும்னு பார்த்தேன். "போயிட்டு வா கலா. போகலைன்னா சங்கடமா நெனைப்பாங்க. நீ முன்னாடியே போயிரு, நான் விசேஷத்தன்னிக்கு வர்றேன். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போய் எறங்கினா நல்லா இருக்காது"ன்னாரு. ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்து வெச்ச மாதிரி முகமெல்லாம் தெளிஞ்சு போச்சு.

இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் வண்டியில கொண்டாந்து விட்டாரு. தண்ணி பாட்டில், வாழைப்பழமெல்லாம் வாங்கிக் குடுத்து, பஸ் திரும்பற வரைக்கும் கீழயே நின்னாரு. கையாட்டினாரு. நீங்க பார்த்தீங்களே, அந்த வெள்ளைச் சட்டை. உங்க வீட்டுக்காரரான்னு கூட நீங்க கேட்டீங்க. ஆமான்னு சொன்னேன் பாருங்க, அது எத்தனை சுளுவா வந்துச்சு. உங்ககிட்டச் சொல்ல முடியுது.

இருங்க, போன் அடிக்குது. திருமூர்த்திதான்.

ஆமாங்க தம்பி, கலாமணிதான் பேசறேன்... தாராபுரம் தாண்டி வந்துட்டேங்க... அண்டாவா? எத்தனை பேருக்குன்னு... சரிங்க... இருங்க தம்பி. அண்டா அப்பறம் பார்த்துக்கலாம்... இல்ல, கேக்குது. பஸ்ஸு சத்தம்... தம்பி, நான் சமையலுக்கு வர்ற ஆளு இல்லீங்க... வர்றேன், பஸ்ல தான் இருக்கேன். அதைச் சொல்லல. நான் உங்க மாமா வீட்டுல சமைக்கிறவ இல்லீங்க... என்னைக் கட்டிக்கிட்டாருங்க. தை மாசம்... நான் அவர் சம்சாரம்...

ஹலோ. தம்பி.

ஆமாங்க... ஆமா, அப்பவே... மசினகுடிக்கு முன்னாடியே... ஆமா, நான்தான் ரசம் ஊத்தினேன்... அவரை ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி... சரிங்க... சரிங்க.

வெச்சுட்டாரு.

என்ன சொன்னாருன்னா, பெருசா ஒண்ணும் சொல்லலைங்க. ஹால்ல அன்னிக்கு நீங்கதான் பரிமாறினீங்களான்னு மட்டும் கேட்டாரு. அவருக்குத் தெரியாதா என்ன, அவர் தட்டுலதானே போட்டேன். இருந்தாலும் கேட்டாரு. அப்பறம், ஆட்டோ எதுவும் புடிக்க வேண்டாம், எறங்கின எடத்துலயே நில்லுங்க, நானும் வினோதினியும் வர்றோம்னாரு. கோவமாச் சொன்னாரா, எப்படிச் சொன்னாருன்னு தெரியல. இந்த எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல.

எங்கூட்டுக்காரருக்குச் சொல்லணும். ஒண்ணும் தெரியாம நாளான்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிப்பாரு, பாவம். இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லிறணும்.

வேண்டாம். மொதல்ல நான் எறங்கி அவங்க முகத்தைப் பார்த்துக்கறேன். அப்பறம் சொல்லிக்கலாம்.

கொஞ்சம் தண்ணி குடுங்க அம்மிணி, மூஞ்சியைத் தொடைச்சுக்கறேன். சத்திரம் வந்துருச்சு.